உருவமும் ஏடும்: கோலார் தங்கவயலின் அச்சுச் சான்றுகளை முன்வைத்து

‘தங்கவயல்’ என்னும் ஊர்ப்பெயர் ஒரு மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் ‘கோல்டு ஃபீல்ட்ஸ்’ என வழங்கிய சுரங்கப் பகுதியைத் தமிழில் சொல்ல முற்பட்டோர் ‘ஃபீல்ட்’ என்பதற்கு வயல் என்றே பொருள் கொண்டனர். தமிழ் வழக்கில் வயல் நீரோடும் நெல்லோடும் பிணைந்த சொல். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்து சென்ற சுரங்கக் குழிகளையும் சயனைடு மண்மேடுகளையும் கொண்ட வறண்ட பாறைநிலத்திற்கு அச்சொல் பொருந்துமா என்று எவரும் கேட்கவில்லை, வழக்கு ஏற்றுக்கொண்டது. இச்சொல்லை முதலில் ஆண்டவர் யார், எந்த ஆண்டில், ‘கோல்டு ஃபீல்டு’ என்னும் ஒலிபெயர்ப்போடு அது எத்தனை காலம் போட்டியிட்டது என்பன மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய வினாக்கள். இவற்றுக்கு விடை தரக்கூடியவை காலக்குறிப்புடைய பழைய தாள்களே. ஊரின் நிழற்படமோ, ஊர்ப் பெரியோரின் உருவப்படமோ இவ்வினாக்களுக்கு விடை தாரா.

வரலாற்று உருவப்படங்களும் சுவடிகளும் ஒரு நாட்டின் பண்பாட்டுக்கு இன்றியமையாதவை என்னும் கூற்று விழா மேடைகளில் அடிக்கடி கேட்கப்படுவது. இரண்டையும் ஒரே மூச்சில் கூறுவதால் அவற்றிற்கிடையே உள்ள வேறுபாடு மறைந்துவிடுகிறது. உருவப்படத்தைப் போற்றப் படிப்பறிவு வேண்டியதில்லை; பார்த்தால் போதும். ஏடு படிக்கப்பட வேண்டும். இதனால் உருவத்திற்கு மாலையும் ஏட்டிற்குக் கரையானும் என்பது தமிழ்ச் சூழலில் எழுதப்படாத பங்கீடாகவே ஆகியுள்ளது. தங்கவயலின் அச்சு வரலாறு இப்பங்கீட்டின் விளைவை நன்கு காட்டுகிறது.

உருவும் எழுத்தும் ஒரே கல்லில்

கோலார் வட்டாரத்தில் இவ்விரண்டும் ஒருகாலத்தில் பிரிந்திருக்கவில்லை. கங்கர், பாணர், நொளம்பர், சோழர் ஆகியோர் மாறிமாறி ஆண்ட இந்நிலம் நடுகற்கள் மலிந்தது. வீரன் போரிடுவதும் தேவமகளிர் அவனை மேலே கொண்டு செல்வதும் தெய்வத்தின்முன் அவன் அமர்ந்திருப்பதும் அடுக்கடுக்காகச் செதுக்கப்பட, அவற்றின் இடையிலோ மேலோ அரசனின் ஆட்சியாண்டும் ஊரும் பூசலும் வீரன் பெயரும் பொறிக்கப்பட்டன. தொல்காப்பியம் நடுகல்லுக்குரிய துறைகளாகக் காட்சி, கால்கோள், நீர்ப்படை முதலியவற்றை வகுத்திருப்பதை நோக்க, கல் என்பது இடம்பெயர்க்கவும் பிரிக்கவும் இயலாத ஒரு முழுமையாகக் கருதப்பட்டது என்பது புலனாகும். உருவம் மட்டும் இருப்பின் அவன் யாரோ ஒரு வீரன். எழுத்து மட்டும் இருப்பின் அது ஒரு பூசலின் குறிப்பு.

பி. லூயிஸ் ரைஸ் தொகுத்த ‘எபிகிராபியா கர்நாடிகா’ வரிசையின் பத்தாம் தொகுதி 1905-இல் வெளிவந்தது. அது கோலார் மாவட்டத்திற்கு உரியது. கோலாரம்மன் கோயிலில் உள்ளவை உட்பட, சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் பலவும் அத்தொகுதியால்தான் ஆய்வுலகிற்குத் தெரியவந்தன. நிகரிலிச் சோழ மண்டலம் என்னும் நாட்டுப் பெயரையும் குவளாலம் என்னும் ஊரின் பழம்பெயரையும் அவற்றிலிருந்தே அறிகிறோம். குவளாலம் ‘கோலார்’ ஆனமை ஒலிமாற்றம் பற்றிய தனிக் கட்டுரைக்குரிய பொருள். இங்கே அதனுட் புக வேண்டியதில்லை. கருதத்தக்கது வேறொன்று. அச்சேறியபோது நடுகல்லின் எழுத்து நூலுக்கு வந்தது. பெரும்பாலான கற்களில் உருவம் வயல்வரப்பிலேயே நின்றுவிட்டது. கல்வெட்டறிஞர் எழுத்தைப் படியெடுத்தார். சிற்ப ஆய்வாளர் பின்னர் வந்து உருவத்தைப் படம்பிடித்தார். ஒரே கல் இரு துறைகளின் பொருளாகப் பிளவுபட்டது. பயன்மிக்க பெரும்பணிகளும் ஒன்றைக் காக்கும்போதே மற்றொன்றைக் கைவிடக்கூடும் என்பதற்கு இது சான்று.

எல்லிசனின் நாணயமும் எரிந்த தாள்களும்

உருவத்திற்கு எழுத்து எவ்வளவு தேவை என்பதற்குத் திருவள்ளுவர் பொறித்த பொன் நாணயம் ஓர் எடுத்துக்காட்டு. எல்லிசன் எனத் தமிழில் தம்மைக் குறித்துக்கொண்ட எஃப். டபிள்யூ. எல்லிஸ் சென்னை நாணயச்சாலையின் பொறுப்பிலிருந்த காலத்தில் வெளியிடப்பட்டதாகக் கருதப்படும் அந்நாணயத்தைப் பற்றி ஐராவதம் மகாதேவன் 1990-களில் விரிவாக எழுதினார். குடையின்கீழ் அமர்ந்த நிலையில், சமண மரபை நினைவூட்டும் வகையில் அமைந்த அவ்வுருவத்தை, எல்லிசன் 1818-இல் சென்னை இராயப்பேட்டையில் வெட்டுவித்த கிணற்றுக் கல்வெட்டு முதலிய எழுத்துச் சான்றுகளோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது பேசுகிறது. இன்று அனைவர் மனத்திலும் பதிந்துள்ள வள்ளுவர் உருவமோ கே. ஆர். வேணுகோபால் சர்மா கற்பனையில் வரைந்து, 1964-இல் சென்னைச் சட்டமன்றத்தில் திறந்துவைக்கப்பட்டது. அவ்வோவியத்தில் வள்ளுவர் கையில் ஏடும் எழுத்தாணியும் உண்டு. ஓவியர் ஏட்டைக் கையில் கொடுத்துவிட்டார். எந்த ஏடு, யார் வீட்டு ஏடு என்னும் வினாவை ஓவியம் எழுப்பாது.

அவ்வினாவை எழுப்பியவர் அயோத்திதாச பண்டிதர் (1845–1914). தம் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் சமையற்பணி மேற்பார்வையாளராக இருந்தவர் என்றும், அவரிடமிருந்த குறள், நாலடி ஆகியவற்றின் ஏட்டுப்பிரதிகளே அத்துரையின் வழியாக எல்லிசனை அடைந்தன என்றும் அவர் எழுதினார். குறளின் மூலபாடம் நாலடியாரோடு 1812-இல் அச்சேறியது. தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பேணப்பட்ட ஏட்டிலிருந்தே தமிழின் தலையாய அறநூல் அச்சுக்குச் சென்றது என்பது இக்கூற்றின் பொருள். இது உண்மையெனின் தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் முதற்பக்கத்தையே மாற்றி எழுத வேண்டும். எல்லிசன் 1819-இல் காலமானபின் அவருடைய கையெழுத்துத் தாள்களுக்கு நேர்ந்த கதியை வால்டர் எலியட் பதிவு செய்துள்ளார். மதுரையில் ஆட்சியர் ஒருவரின் வீட்டுச் சமையற்காரர் அவற்றைப் பல திங்கள் அடுப்பு மூட்டப் பயன்படுத்தினாராம். கந்தப்பன் தந்த ஏடுகளைப் பற்றிய குறிப்பு அத்தாள்களில் இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். ஒரு சமையலறையிலிருந்து புறப்பட்டதாகக் கூறப்படும் ஏட்டின் வரலாறு இன்னொரு சமையலறையில் முடிந்துவிட்டதோ என ஐயுற வேண்டியுள்ளது.

சான்றின்மையைக் காட்டி இக்கூற்றைத் தள்ளுவோர் உளர். உணர்வின் மேலீட்டால் மெய்ப்பித்த செய்தியாகவே கொள்வோரும் உளர். இருசாராரும் செய்யத் தவறுவது ஒன்றே. கூற்று எங்கே, எந்த நாளில், எவருக்கு மறுமொழியாக, எந்தச் சொற்களில் முதலில் அச்சிடப்பட்டது என்பதை மூலத்தாளில் வைத்துப் பார்ப்பதில்லை. அந்தத் தாள் ‘தமிழன்’.

சுரங்கத்து வாசகர்

‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழ் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து வெளிவரத் தொடங்கியது. ஓராண்டுக்குப்பின் ‘தமிழன்’ எனப் பெயர் சுருங்கியது. 1898-இல் கொழும்பு சென்று பௌத்தம் தழுவிய அயோத்திதாசர் தம் வாணாளின் இறுதிவரை அதனை நடத்தினார். பௌத்த சங்கத்தின் கிளைகள் அமைந்த இடங்களில் மாரிகுப்பமும் சாம்பியன் ரீஃபும் முன்னணியில் இருந்தன. 1880-ஐ ஒட்டி ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கத் தொழிலை விரித்தபோது வடஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்தோரின் குடியிருப்புகள் இவை. நிலத்தடியில் உடைத்துச் சுமந்த மக்கள் நிலத்தின்மேல் வாரந்தோறும் ஓர் இதழைப் படித்தனர். எழுத்தறியாதோர் படிக்கக் கேட்டனர். பர்மாவின் இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் அதற்கு வாசகர் இருந்தனர்.

ஆசிரியரின் மறைவுக்குப்பின் நின்றுபோன இதழுக்கு மறுவாழ்வு கிடைத்தது தங்கவயலில். 1926 முதல் 1930-கள் வரை பண்டிதர் ஜி. அப்பாதுரையார் ஆசிரியப் பொறுப்பில் ‘தமிழன்’ இங்கிருந்து வெளிவந்தது. (பன்மொழிப்புலவர் கா. அப்பாத்துரையார் வேறொருவர். நூலகப் பட்டியல்களைப் பயன்படுத்துவோர் இருவரையும் ஒருவராகக் கொள்ளாதிருத்தல் நலம்.) தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களைத் திரும்பத் திரும்பப் பதிப்பித்தது. இதழில் தொடராக வந்த ‘இந்திரர் தேச சரித்திரம்’ நூலுருப் பெற்று வழங்கியதும், பல்கலைக்கழகங்கள் அவர் பெயரை அறியாதிருந்த அரை நூற்றாண்டில் அவர் எழுத்து முற்றாக அழியாமல் நின்றதும் இத்தகைய சிறு பதிப்பகங்களாலும் அன்பு பொன்னோவியம் போன்ற தனிமனிதர்களின் சேமிப்பாலும்தான். நாட்டின் பெரிய நிறுவனங்கள் செய்யாததைக் கூலித் தொழிலாளரின் காசு செய்தது.

திரு, திரி

மொழியியலார்க்கு ‘தமிழன்’ தாள்கள் ஏன் தேவை என்பதைச் சிறியதோர் எழுத்து வேறுபாட்டால் விளக்கலாம். அயோத்திதாசர் குறளைத் ‘திரிக்குறள்’ என எழுதினார். பௌத்தரின் திரிபீடகத்தோடு முப்பாலை இணைத்து, ‘திரி’ மூன்றைக் குறிப்பது என்பது அவர் கருத்து. அவ்வண்ணமே ஆத்திசூடியை ‘ஆத்திச்சுவடி’ என்றும் கொன்றைவேந்தனைக் ‘குன்றைவேந்தன்’ என்றும் பாடங்கொண்டார். இவை சொற்பிறப்பியல் விதிகளுக்கு உடன்படுவன அல்ல என ஒரு தொடரில் மறுத்துவிடுவது எளிது. பல இடங்களில் மறுக்கவும் வேண்டும். வடமொழி ‘திரி’ முன்னிற்கும் தொகையில் தமிழ்க் ‘குறள்’ பின்வருவது ஐயத்திற்குரியது. ஆயினும் இவை அச்சுப்பிழைகள் அல்ல. ஏடுகளைத் தம் வீட்டில் கண்டு வளர்ந்ததாகக் கூறும் ஒருவர், அச்சேறிய பாடத்திற்கு எதிராக வைக்கும் பாடங்கள். மெய்க்குப் புள்ளியின்றி, எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடின்றி, காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்ற எழுதப்பட்ட ஓலையில் எழுத்தின் பாடம் படிப்பவர் முடிவு செய்வது. அம்முடிவில் அவர் சமயமும் சமூக நிலையும் கலந்தே இருக்கும். ‘திரு’ எனப் படித்தவரும் ஒரு முடிவையே செய்தார். வேறுபாடு என்னவெனில் அவர் முடிவு பாடநூலாயிற்று.

இப்போது ஒரு பதிப்பாசிரியர் ‘திரிக்குறள்’ என்பதைக் கண்டு, அச்சுக்கோப்பவரின் பிழையெனக் கருதித் ‘திருக்குறள்’ எனத் திருத்திவிட்டால் நிகழ்வது என்ன? ரகரத்தின்மேல் ஒரு வளைவு கீழே இறங்கும். ஒரு வாதம் முழுவதும் மறையும். திருத்தியவர்க்குத் தாம் ஒரு கருத்தை நீக்கியதே தெரியாது. எழுத்துப்பெயர்ப்பில் இது மேலும் எளிதாக நிகழும். உலகம் அறிந்த வடிவம் ஒன்று இருக்கையில் மொழிபெயர்ப்பாளர் அதையே இடுவார். ‘வேஷப் பிராமணர்’, ‘யதார்த்தப் பிராமணர்’ என்னும் அவருடைய இணையெதிர்ச் சொற்களுக்கும் இதே இடர் உண்டு. முன்னதைப் ‘போலி’ என்னும் பொருளில் பெயர்த்தால் வசவு மட்டும் எஞ்சும். வேடம் புனைதல், நடித்தல், அதன்வழி ஒரு தகுதியைக் கைப்பற்றல் என்னும் கதைத்தொடர் விடுபட்டுப் போகும்.

எழுத்து முறையிலும் அத்தாள்கள் சான்று வளம் உடையவை. ‘என்னும்’ என்பதை ‘யென்னும்’ என உடம்படுமெய்யோடு சொன்முதலில் எழுதுவது அக்கால அச்சில் பரவலான வழக்கம். பேச்சொலியின் தாக்கமா, ஏட்டில் சொற்பிரிப்பின்றி எழுதிய பழக்கத்தின் எச்சமா, அச்சுக்கோப்பவரின் கையா என்பது ஆராயத்தக்கது. மறுபதிப்புகள் படிப்போர் வசதி கருதி இவற்றை நேர்செய்யும்போது ஆராய்வதற்கே பொருள் இல்லாமற் போகிறது.

தொகுப்பு தந்ததும் தராததும்

1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்ட ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ இத்துறையின் திருப்புமுனை என்பதில் ஐயமில்லை. ராஜ் கௌதமன் முதலியோரின் ஆய்வுகள் பிறக்க அதுவே நிலமாயிற்று. சிதறிக் கிடந்த தாள்களைத் தேடி, அரசியல், சமூகம், சமயம், இலக்கியம் எனப் பகுத்து, கட்டுரைதோறும் இதழின் நாளையும் குறித்துத் தந்த உழைப்பை எவ்வளவு பாராட்டினும் தகும். குறை கூறுவது அவ்வுழைப்பின்மீது அன்று. அதற்குப்பின் வந்தோர் அதனையே மூலமாகக் கொண்டு நிறைவுற்றதன்மீது.

பொருள்வாரிப் பகுப்பு ஒரு வாசிப்பு. அது ஆசிரியர் எழுதிய ஒழுங்கு அன்று. ஒரே கிழமையில் ஒரே இதழில் குறளுக்கு உரையும் நாட்டு நடப்பு பற்றிய தலையங்கமும் மருத்துவக் குறிப்பும் வாசகர் வினாவுக்கு விடையும் அடுத்தடுத்து நின்றன. உரையில் அவர் ஒரு சொல்லுக்குக் கொண்ட பொருள் அதே வாரத்துத் தலையங்கத்தில் ஆளப்பட்டதா என்பதைப் பகுக்கப்பட்ட தொகுப்பில் காண்பதற்கு நாட்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் திரும்பக் கோக்க வேண்டும். தவிர, ஓர் இதழ் ஆசிரியரின் எழுத்து மட்டும் ஆகாது. தங்கவயலிலிருந்தும் இரங்கூனிலிருந்தும் வந்த கடிதங்கள், சங்க அறிவிப்புகள், விளம்பரங்கள் ஆகியவற்றில்தான் சுரங்கத் தொழிலாளரின் எழுத்துத்தமிழ் இருக்கிறது. கன்னடமும் தெலுங்கும் ஆங்கிலமும் சூழ்ந்த ஊரில் குடியேறியோர் தமிழ் எவ்வாறு மாறியது என்பதற்கு இவற்றினும் நேரடியான சான்று அரிது. ‘தங்கவயல்’ முதலில் தோன்றியது ஓர் உரையிலா, விளம்பரத்திலா, சந்தாதாரர் முகவரியிலா? ஒருவரின் சிந்தனைகளைத் தொகுக்கும் நூலில் இதைத் தேட முடியாது. அந்நூலின் நோக்கமும் அது அன்று.

அச்சுத்தாள் சுவடி ஆகாதா

இத்தாள்களை நாட்டின் சேமிப்பாகக் காப்பதற்குத் தடையாக நிற்பவற்றுள் ஒன்று சொற்பொருள் வரையறை. 2003-இல் தொடங்கிய தேசியச் சுவடிகள் இயக்கம், குறைந்தது 75 ஆண்டுப் பழமையும் மதிப்பும் உடைய கையெழுத்து ஆக்கமே சுவடி என்றும், அச்சிட்ட நூல்கள் சுவடி அல்ல என்றும் வரையறுத்தது. 2025-இல் அம்முயற்சி ‘ஞான பாரதம்’ என்னும் பெயரில் விரிவாக்கப்பட்டபோதும் அதன் கண் சுவடிகள்மீதே இருந்தது. நூற்றுக்கணக்கில் படியெடுக்கப்பட்டு இன்றும் பல ஊர்களில் கிடைக்கும் ஒரு நூலின் ஓலைப்பிரதி இவ்வரையறைக்குள் வரும். ஓரிரு படிகளே எஞ்சிய ஒரு வார இதழ் வாராது. காப்பின் அளவுகோல் எழுதிய கருவியா, எஞ்சியவற்றின் அருமையா? 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம்கூடச் சுவடியோடு ‘பதிவேடு, பிற ஆவணம்’ என்பவற்றையும் சேர்த்தே கூறியிருக்க, பண்பாட்டுக்கென அமைந்த இயக்கம் சட்டத்தைவிடக் குறுகிய சொல்லை எடுத்துக்கொண்டது வியப்பே. எந்தச் சமூகத்திடம் ஓலையும் எழுத்தாணியும் தலைமுறைகளாகக் குவிந்திருந்தனவோ அதன் நினைவு சுவடியாகும். அச்சின் வழியாகவே பொதுவெளிக்கு வர முடிந்தவர்களின் நினைவு சுவடியாகாது. வரையறுத்தோர் இதைக் கருதியிருக்கமாட்டார்கள். விளைவு இதுவே.

மறுபுறம், உருவ வழிபாட்டிற்குக் குறைவில்லை. 2005-இல் அயோத்திதாசர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியாயிற்று. தாம்பரம் தேசியச் சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர் இடப்பட்டது. 2023 டிசம்பரில் சென்னை கிண்டியில் சிலையுடன் கூடிய மணிமண்டபம் திறக்கப்பட்டது. நெடுங்காலம் மறைக்கப்பட்ட ஒருவர்க்கு இவை உரியனவே. இவற்றை வீண் எனக் கூறுவது, உருவம் மறுக்கப்பட்டோர்க்கு உருவத்தின் அருமை தெரியாத கூற்றாகிவிடும். பொதுவிடத்தில் ஒரு முகம் நிற்பதே உரிமையின் அடையாளமாக உள்ள நாடு இது. ஆனால் மண்டபத்தைக் கண்டு வெளிவரும் இளைஞர் ஒருவர் அவருடைய இதழின் ஒரு வாரத் தாளை முதற்பக்கம் முதல் கடைசிப்பக்கம்வரை அச்சிட்டபடியே பார்க்க விரும்பினால் அதற்கு எளிய வழி இல்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

தங்கவயலின் நிலை காலத்தாழ்வுக்கு இடம் தருவதன்று. பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. பிழைப்புக்கு நாள்தோறும் பெங்களூருக்குத் தொடர்வண்டியேறும் ஊராக அது மாறிற்று. குடும்பம் வீடு மாறும்போது பாட்டனார் படம் உடன் செல்கிறது. அவர் கட்டிவைத்த தாள்கள் எடைக்குப் போகின்றன. அமிலம் ஏறிய மலிவான செய்தித்தாள் நூறாண்டு நிற்பதே அரிது. ஓலை அதனினும் நீடித்து உழைக்கும். ஆகவே அச்சுத்தாளுக்கே முதலில் விரைய வேண்டும். 1994-இல் சென்னையில் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தனியொருவரின் சேமிப்பிலிருந்து எழுந்தது என்பதை நோக்க, வீடுகளில் சிதறியவற்றை ஒன்றாக்குதல் இயலாத செயலன்று எனலாம்.

செய்யவேண்டிய பதிப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்பதிலும் தெளிவு தேவை. முதலாவது, இதழ்வாரியாக, பக்கம்வாரியாக, விளம்பரம் உட்பட நிழற்படிவம். இரண்டாவது, எதையும் திருத்தாத எழுத்துப்படி. ஐயத்திற்குரிய வடிவங்களுக்குக் குறிப்பு மட்டும். இராயப்பேட்டைத் ‘தமிழ’னும் தங்கவயல் ‘தமிழ’னும் தனித்தனியாக வைக்கப்பட வேண்டும், பின்னதை முன்னதன் வால் எனக் கொள்வது பிழை. ஆசிரியர் வேறு, காலம் வேறு, மொழிநடையும் வேறு. சொல்லடைவு இவற்றுக்குப் பின்னரே. மொழிபெயர்ப்பாளர்க்கு இப்பதிப்பு வரும்வரை காத்திருக்க இயலாது என்பதால், இடைக்காலத்தில் ஒன்று செய்யலாம். ‘திரிக்குறள்’ வரும் இடத்தில் ‘திரிக்குறள்’ என்றே எழுதி, அடிக்குறிப்பில் காரணம் கூறலாம். படிப்பவர் சற்றே இடறினும் குற்றமில்லை.